அம்மியின் மேல் சார்ஜர்

தொட முடியாத அளவுக்கு ஒரு மின்சாரச் சாமான் சுட்டால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்று வாங்க வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. யுத்தத்தின் கடைசிக் காலத்தில், கண்டியில், அம்பிட்டியச் சரிவில் ஒரு வாடகை வீட்டில் இருந்த என்னால் அந்தச் சின்னக் காரியத்தைச் செய்ய முடியவில்லை. சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி என்னை இரண்டு மாதம் ஆட்டிப் படைத்தது.

விசயம் இதுதான். எங்கள் ஒரே மகளுக்கு லண்டனில் கலியாணம். நானும் மனைவியும் போவதற்கு விசா கேட்டோம். நாங்கள் திரும்பி வருவோம் என்பதில் திருப்தி இல்லை என்று எழுதி மறுத்துவிட்டார்கள். முழங்கால் மடக்க முடியாத, கண்டியில் பென்சன் எடுக்கிற ஒரு கிழவன் லண்டனில் ஒளிந்திருந்து என்ன செய்வான் என்று அவர்களைக் கேட்க ஆளில்லை. ஆகவே தாலி கட்டுவதை லப்டொப்பில் பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த லப்டொப்பை மகள்தான் முந்திய வருடம் தன் சிநேகிதி ஒருத்தியிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதன் நெற்றியில் ஒரு சின்னக் கமரா இருந்தது. முகம் பார்த்துப் பேசலாம்.

எனக்கு அதில் பெரிய ஆசை இருக்கவில்லை. என் அண்ணன் லண்டனில் இருக்கிறார், பெரியப்பா முறையில் அவர் தாரை வார்த்துக் கொடுப்பார், பிறகு படம் அனுப்புவார்கள், பார்க்கலாம் என்றிருந்தேன். மனைவிக்கு அப்படி இல்லை. விசா மறுத்த கடிதம் வந்த அன்று அவள் அழவில்லை. இரண்டு நாள் கழித்து, கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"தாலி ஏறுறதை நான் பார்க்கவேணும். படத்திலை இல்லை. ஏறுற நேரத்திலை."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சுக்கு இடமிருக்கவில்லை.

லப்டொப்பைத் தொடக்கினால் இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும். அதற்குள் சார்ஜர் சுடத் தொடங்கும். பிறகு பிளாஸ்டிக் தீயும் மணம் வரும். பிறகு சார்ஜரில் இருக்கும் பச்சை வெளிச்சம் அணையும். பற்றரி செத்துப் போயிருந்தபடியால் சார்ஜர் நின்றவுடன் மகளின் முகமும் நின்றுவிடும். ஆற வைத்துத் தொடக்கினால் மறுபடி இருபது நிமிடம். கலியாணமோ பொன்னுருக்கு, பிள்ளையார் பூசை எல்லாவற்றையும் விட்டு, தாரை வார்ப்பதில் தொடங்கித் தாலி வரைக்கும் என்று எடுத்தாலே ஒன்றரை மணித்தியாலம். ஐயர் கொஞ்சம் நீட்டுகிறவர் என்று அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

நான் நில அளவையாளர்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒரு பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கவேண்டும் என்பது எனக்குப் பழக்கம். முதலில் சுவரைச் சந்தேகித்தேன். அந்த வீட்டின் பிளக் பொயின்ட் எல்லாம் பழைய உருண்டை ஓட்டைகள். லண்டன் சார்ஜருக்குச் சதுரக் கால்கள். நடுவில் ஒரு அடப்டர் வேண்டும். அடப்டர் தொளதொளவென்று தொங்கியது. மூன்று அடப்டர் மாற்றினேன், மூன்றும் தொங்கின. சொக்கெட்டை மாற்றலாம் என்றால் வீட்டுக்காரர் சுவரில் ஒரு ஆணி அடிக்கவும் விடமாட்டார். தீக்குச்சிகளை ஓட்டைக்குள் சொருகி இறுக்கினேன். அடப்டர் இறுகியது, சார்ஜரின் சூடு குறையவில்லை.

அடுத்ததாகக் காற்றைச் சந்தேகித்தேன். மேசைவிரிப்பின் மேல் இருந்த சார்ஜரை நிலத்துக்கு இறக்கினேன். சீமெந்து நிலத்தில் இரண்டு நிமிடம் கூடுதலாக ஓடியது. தலைகீழாகத் திருப்பி வைத்தேன். பக்கவாட்டில் நிறுத்தினேன். மேசை விசிறியை அதற்கு நேரே பிடித்தேன். ஈரத் துணி போடலாமா என்று யோசித்து, சாகவேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் குசினியில் இருந்த அம்மியின் மேல் கொண்டுபோய் வைத்தேன். கல் குளிர்ச்சியானது, பாரமானது, சூட்டை இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு முப்பத்தொரு நிமிடம் ஓடியது. எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. அது மனைவி குசினிக்குள் வரும்வரைக்கும்தான்.

"இஞ்சாருங்கோ, சம்பல் அரைக்கிற கல்லிலை என்னத்தைக் கிடத்தி வைச்சிருக்கிறியள்?"

"கையை வையாதையும். கல்லு சூட்டை இழுக்குது."

"மிளகாயையும் சேர்த்து இழுத்துதெண்டால் லண்டனிலை பிள்ளையின்ரை கண் எரியப்போகுது."

"உமக்குத் தாலி பார்க்கவேணுமோ வேண்டாமோ?"

"பார்க்கவேணும். மத்தியானம் சம்பலும் வேணும்."

முப்பத்தொரு நிமிடம் போதாது. ஆகவே புதுச் சார்ஜர் வாங்கக் கண்டி ரவுணுக்குப் போனேன். அம்பிட்டியவில் இருந்து பஸ்ஸில் போக எவ்வளவு நேரம் என்று கேட்டால் அந்தக் காலத்தில் யாரும் தூரத்தைச் சொல்லமாட்டார்கள், எத்தனை சோதனைச் சாவடி என்று சொல்வார்கள். அன்று எனக்கு இரண்டு தரம் இறங்கவேண்டி வந்தது. வயரும் பெட்டியுமாக ஒரு கறுப்புச் சாமானைப் பையில் வைத்துக்கொண்டு இறங்குகிற தமிழன் முகத்தை எப்படி வைத்திருக்கவேண்டும் என்று நான் வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று பார்த்திருந்தேன். பையைத் திறந்த ஆமிப் பொடியனுக்கு என்னைவிட அது என்னவென்று நன்றாகத் தெரிந்திருந்தது. தூக்கிப் பார்த்துவிட்டு, இந்தச் சாதிச் சார்ஜர் கெதியில் பழுதாகும் என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பித் தந்தான். அதற்காக ஐந்து நாள் பயந்தது வீண்.

சந்தைக்குப் பின்புறத்து ஒழுங்கையில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் கணினிச் சாமான் விற்றார். சார்ஜரைச் செருகிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"சேர், இதுல முட்ட பொரிக்கலாமே."

"முட்டை பொரிக்க வரேல்லை. இதே மாதிரி ஒண்டு வேணும்."

"இந்தப் பின்னு நம்மட கடைல ஈக்காது. கண்டியிலயே ஈக்காது சேர். கொழும்புக்குப் போனா ஒரு மணித்தியாலத்துல எடுக்கலாம்."

"கொழும்புக்குப் போனால் ஒரு மணித்தியாலத்திலை என்னைத்தான் எடுப்பினம்."

அவர் சிரித்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "மெதுவா பேசுங்க சேர். அடுத்த கடைல ஆக்கள் ஈக்கிறாங்க."

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. சில கிழமைகளுக்கு முன் எங்கள் உறவுக்காரர் ஒருவர் கண்ணுக்கு மருந்து வாங்கக் கொழும்புக்குப் போய், என்னத்துக்கு வந்தாய், யாரிடம் வந்தாய், எப்போது போவாய் என்ற கேள்விகளுக்கு ஒரு பகல் முழுவதும் பொலிஸ் நிலைய மர வாங்கில் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு, மருந்தில்லாமல் திரும்பி வந்திருந்தார். சார்ஜர் வாங்க வந்தேன் என்று நான் சொன்னால் யார் நம்புவது? மனைவியும் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்: தாலியைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, தன் தாலியைப் பணயம் வைக்க ஏலாது. கடைக்காரர் தன் மச்சானிடம் சொல்லிக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். முதல் தரம் வந்ததில் பின்னு பெரிது. இரண்டாம் தரம் வந்ததில் பின்னு சரி, ஆனால் செருகிய உடனே லப்டொப் அதை ஏற்க மறுத்துவிட்டது. மகள் லண்டனிலிருந்து பார்சலில் ஒன்று அனுப்பினாள். அது கலியாணம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, பிரித்து ஒட்டிய பெட்டியில், நல்ல நிலையில் வந்து சேர்ந்தது.

ரவுணில் மணிக்கணக்கில் கணினி வாடகைக்குத் தரும் இடங்கள் இருந்தன. தடுப்புப் பலகைக்குப் பின்னால் ஒரு கதிரை, ஒரு மேசை. தன் கலியாணக் கூறையை உடுத்துக்கொண்டு அந்தப் பலகைக்குப் பின்னால் போய் இருக்கமாட்டேன் என்று மனைவி சொன்னாள். அதில் நான் அவள் பக்கம்.

இந்த நிலையில்தான் மருமகனாக வரவிருந்தவர் தொலைபேசி எடுத்தார். அவரை நான் நேரில் கண்டதில்லை. பத்து வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர். அவர் பேசும் தமிழ் பத்து வயதிலேயே நின்றுவிட்டது; பெரிய ஆம்பிளைக் குரலில் ஒரு சின்னப் பிள்ளை பேசுவது போலிருக்கும். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. கணினித் துறை என்று சொன்னார்கள். அதுவும் எரிச்சல்தான்.

"மாமா, அதை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பிறகு போட்டுப் பார்த்தனீங்களோ?"

"தம்பி, ஒரு மாதமாய் நான் அதைத்தான் செய்யிறன்."

"சரி, சரி. கோவிக்காதேங்கோ. நீங்கள் அதை எப்ப குத்துவீங்கள், எப்ப கழட்டுவீங்கள்?"

"கழட்டுறதோ? என்னத்துக்கு?"



"மாமா, வாங்கின நாளிலை இருந்து குத்தினபடியே இருக்குதோ?"

"இடி மின்னலுக்குக் கழட்டுவம். மிச்ச நேரம் இருக்கும். கறண்ட் இருக்கேக்கை நிரப்பி வைக்கவேணும்தானே?"

அவர் சிரிக்கவில்லை. அதை அவருக்கு இன்றைக்கும் நன்மதிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக இரவும் பகலும் பற்றரியை நிரப்பிக்கொண்டே இருந்தால் அது கெட்டுப்போகும் என்றும், கெட்டுப்போன பற்றரி நிரம்பாத வயிறு மாதிரிச் சார்ஜரிடமிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும் என்றும், அதனால்தான் சார்ஜர் சுடுகிறது என்றும் பொறுமையாகச் சொன்னார். பிறகு நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்: பற்றரியைக் கழற்றி எறிந்துவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

நான் பிழை செய்தேன் என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் வீட்டில் எதையும் நிரப்பாமல் விட்டதில்லை. எண்பத்துமூன்றுக் கலவரத்தின்போது கண்டியில் ஒரு சிநேகிதரின் பின்னறைக்குள் தண்ணீர் இல்லாமல் ஒளிந்திருந்தவன் நான். அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லா வாளியும் நிரம்பியிருக்கும். மனைவி யுத்தத்தின் நடுப்பகுதியை மகளோடு யாழ்ப்பாணத்தில் கழித்தவள். அங்கே ரோச் லைற் பற்றரிக்குக்கூட அரசாங்கத் தடை. றேடியோவில் செய்தி கேட்பதற்கு ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதியைக் கையால் சுற்றுவார், டைனமோ ஓடும், செய்தி வரும், சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். அப்படிக் கறண்ட் எடுத்தவளுக்கு, சுவரில் சும்மா வந்து நிற்கிற கறண்டைப் பற்றரிக்குள் போகவிடாமல் நிறுத்திவை என்று யார் சொல்வது? அவள்தான் ஒவ்வொரு இரவும் படுக்கப்போக முன் பச்சை வெளிச்சம் எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். லண்டனில் இருக்கிறவனுக்கு அது பற்றரி. எங்களுக்கு அது நிரப்பி வைக்கவேண்டிய இன்னொரு வாளி.

பற்றரியைக் கழற்றினேன். அது நடுவில் வீங்கிப்போய் இருந்தது. சார்ஜரை அம்மியில் வைத்து ஓட்டினேன். ஒரு மணித்தியாலம் ஓடியது. இரண்டு மணித்தியாலம் ஓடியது. கை வைத்தால் சுடவில்லை. குளிர் காய்வதற்கு ஏற்ற பதமாக இருந்தது. மனைவி வந்து நின்று பார்த்தாள்.

"கெட்டிக்காரப் பெடியன்," என்றாள்.

"அம்மியிலை வைச்சது நான்," என்றேன்.

அப்போது பக்கத்துக் கதவை யாரோ அடித்துச் சாத்தினார்கள். சுவர் அதிர்ந்தது. அடப்டர் ஒரு மயிரளவு அசைந்தது. லப்டொப் செத்துவிட்டது.

அதுவரை பற்றரி செத்த நிலையிலும் ஒரு நொடி இரண்டு நொடி தாங்கியிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இப்போது அந்த நொடியும் இல்லை. அடப்டர் அசைந்தால் போச்சு. கறண்ட் ஒரு தரம் கண் சிமிட்டினால் போச்சு. மறுபடி உயிர் வந்து, இணையம் பிடித்து, லண்டனைக் கூப்பிடுவதற்குப் பதினொரு நிமிடம் எடுத்தது. ஒரு பிழையைத் திருத்தியவுடன் அதன் பின்னால் ஒளிந்திருந்த மற்றப் பிழை வெளியே வந்து கைகட்டி நின்றது. எனக்குத் தலையை அம்மியில் மோதலாம் போலிருந்தது. அங்கேயும் சார்ஜர் இருந்தது.

இதற்கிடையில் மனைவி ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டாள். கலியாணம் என்றால் நாலு பேர் வரத்தானே வேண்டும் என்றாள். நாலு பேர் பத்தொன்பது பேர் ஆனார்கள். அந்த நாட்களில் ஒரு தமிழ் வீட்டில் பத்தொன்பது பேர் கூடுவதென்றால் யாருக்காவது சொல்லிவைப்பது புத்தி. எங்கள் பகுதி அரசாங்க அலுவலரான கிராம சேவகரிடம் போனேன். நல்ல மனிதர், என் வயதில் பாதி. சிங்களத்தில்தான் பேசினோம்.

"என்ன விசேசம்?"

"கலியாணம்."

"பொம்பிளை எங்கே?"

"லண்டனில்."

"மாப்பிள்ளை?"

"அவரும் லண்டனில்."

"மண்டபம்?"

"அதுவும் அங்கேதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மாத்தையா, அப்போ அம்பிட்டியவில் என்ன நடக்கிறது?"

ஒரு லப்டொப் நடக்கிறது என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை, விளங்கியபோது நம்பவில்லை. கடைசியில், தான் நேரில் வந்து பார்த்தால்தான் யாராவது கேட்டால் பதில் சொல்லலாம் என்றார். இருபது பேர் ஆயிற்று.

கலியாண நாள். லண்டனில் காலை, எங்களுக்குப் பிற்பகல். கண்டியில் அந்த மாதத்தில் பிற்பகல் என்றால் என்னவென்று கண்டியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு மணிக்கே ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது.

அம்மியை ஹோலுக்கு இழுத்து வந்தோம், நானும் பக்கத்து வீட்டுக்காரரும். அவர் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் பிறந்து நகரத்தில் கிளார்க்காக இருந்தவர். மேசைக்குக் கீழே, சுவரோடு அம்மி, அம்மியின் மேல் சார்ஜர், சுவரில் அடப்டர். மேசையில் லப்டொப். மனைவி அதற்கு ஒரு பட்டுத் துண்டு விரித்து, குத்துவிளக்கேற்றி, நிறைகுடம் வைத்து, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டாள். பொட்டைக் கமராவின் மேல் வைக்காமல் தடுத்தது மட்டும்தான் என்னால் முடிந்தது. பட்டுத் துண்டை எடுக்கச் சொன்னேன், அடியில் காற்றுப் போகவேணும் என்று. வெறும் மேசையில் மணவறை வைக்கிறதோ என்று கேட்டாள். இரண்டு தீப்பெட்டிகளை முண்டு கொடுத்து லப்டொப்பைத் தூக்கி வைத்தேன்.

எல்லோரும் நல்ல உடுப்பில் வந்து லப்டொப்பைப் பார்த்தபடி வரிசையாக இருந்தார்கள். கிராம சேவகர் முன் வரிசையில். தட்டத்தில் அட்சதை ஒவ்வொருவர் கையிலும் வந்தது. படம் வந்தது. மண்டபம் தெரிந்தது. யாரோ ஒரு பெரிய மனிதரின் முதுகு தெரிந்தது. முதுகு விலகியது, மகள் தெரிந்தாள். 

அப்போது முதல் இடி.

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "சார், இடி இடிக்குது. பிளக்க புடுங்கிருங்க. போன மாசம் எங்க டீவி இப்படித்தான் போச்சு."

"இப்ப ஏலாது."

"டெலிபோன் வயரும் இருக்குங்க. ரெண்டு பக்கமும் வரும்."

"தெரியும். நீங்கள் இருங்கோ."

அவர் இருந்தார், ஆனால் கால்களைக் கதிரையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் தூக்கி வைத்தார்கள். இடிக்கு யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடப்டர் அசைவதை நான் கண்டேன். தீக்குச்சி ஒன்று விழுந்தது. வேறு வழியில்லை. மேசைக்குக் கீழே இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டி, மடங்காத முழங்காலை நீட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி இருந்து, இரண்டு கையாலும் அடப்டரை அழுத்திப் பிடித்தேன். இடி மின்னல் நேரத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடாது என்று நான் எல்லோருக்கும் சொல்லிவந்த காரியம் அதுதான்.

மேலே கலியாணம் நடந்தது. எனக்கு முன்னால் கால்கள். மனைவியின் கூறைக் கரை, கால்விரல் மிஞ்சி, அசையாத பாதம். லப்டொப்பின் ஒலிபெருக்கி தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல மந்திரத்தை வெட்டி வெட்டித் தந்தது. தாரை வார்க்கும் கட்டம் வந்திருக்கவேண்டும். அண்ணனின் குரல் கேட்டது. "தகப்பன் கண்டியிலை இருக்கிறார். அவரின்ரை வாயாலை சம்மதம் வரட்டும்." இதை ஐயரும் அண்ணனும் முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

"அப்பா எங்கை?" இது மகள்.

"மேசைக்குக் கீழை," என்றாள் மனைவி.

"ஏன்?"

"பிளக்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார்."

லண்டனில் நூறு பேராவது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் வெட்டுப்படாமல் முழுதாக வந்தது.

"சம்மதம்," என்று நான் கீழேயிருந்து கத்தினேன். "ஐயா, சம்மதம். கெதியாய் நடத்துங்கோ, இஞ்சை மழை வருது."

ஐயர் கெதியாய் நடத்தவில்லை. என் வலது கை விறைத்தது. இடது கையால் சார்ஜரைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. மழை கூரையில் விழத் தொடங்கியவுடன் எனக்கு மந்திரமும் கேட்காமல் போயிற்று. எந்தக் கட்டம் என்று தெரியவில்லை. "என்ன நடக்குது?" என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. "கூறை மாத்தி வந்திட்டாளோ?" ஒருவரும் இல்லை. பெற்ற தகப்பன் காலடியில் கிடந்து கேட்கிறான், இருபது பேரில் ஒருவருக்கு வாய் இல்லை.

திடீரென்று மேளம். கெட்டிமேளம் என்று எனக்கு விளங்கிய அதே நொடியில் தலைக்கு மேலே சோவென்று ஒரு சத்தம். இடியல்ல. எல்லோரும் அட்சதையை லப்டொப்பின் மேல் எறிகிறார்கள். அரிசியும் மஞ்சளும் பூவும் மேசையால் வழிந்து என் கழுத்துக்குள் விழுந்தன. "கீபோர்ட்டுக்குள்ளை போடாதேங்கோ," என்று கத்தினேன். "அரிசி உள்ளுக்கை போகும்." கிராம சேவகரின் சப்பாத்துக்கள் எழுந்து நின்றன, அவரும் எறிந்திருக்கிறார். மனைவியின் பாதம் மட்டும் அசையவில்லை. பிறகு பெருவிரல் மெல்ல மடங்கியது. அவள் பார்த்துவிட்டாள் என்று அதைக் கொண்டுதான் எனக்குத் தெரியும்.

நான் பிடித்தபடியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கூறைக் கரை குனிந்தது. மனைவியின் முகம் மேசைக்குக் கீழே வந்தது.

"எழும்புங்கோ. நான் பிடிக்கிறன்."

"வேண்டாம். ஓடுது. குழப்பாதையும்."

"நீங்கள் பிள்ளையைப் பார்க்கேல்லை."

"பிறகு பார்ப்பன். படம் வரும்தானே."

"இப்ப பாருங்கோ."

"இடி நிக்கட்டும்."

"எழும்புங்கோ எண்டுறன்."

கூறையோடு நிலத்தில் அமர்ந்து என் கைக்கு மேல் தன் கையை வைத்தாள். நான் ஒரு விரலாக எடுத்தேன். அவள் ஒரு விரலாக வைத்தாள். இப்படியே செய்து முடித்திருந்தால் சரிவந்திருக்கும். என் முழங்கால் அம்மியில் இடித்தது. அடப்டர் சுவரைவிட்டு முழுதாகக் கழன்று இருவர் கையிலும் வந்துவிட்டது.

மேலே இருபது பேரும் ஒன்றாக "ஆ" என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஒன்றரை மணித்தியாலம் இடிக்கும் மின்னலுக்கும் அசையாத அடப்டரை, எல்லாம் முடிந்த பிறகு, எனக்குக் காட்டுவதற்காக என்று கழற்றிவிட்டாள். "ஓடினதுதானே, ஓடின ஒண்டை ஏன் தொட்டனீர்?" என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டேன். அவள் அடப்டரை வாங்கி, தானே செருகி, தானே பிடித்துக்கொண்டாள்.

தொடக்கினேன். பதினொரு நிமிடம். அதற்குள் வந்தவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்து பின் விறாந்தைக்குப் போய்விட்டார்கள். கிராம சேவகர் போகும்போது என் கையைக் குலுக்கி, நல்ல கலியாணம் மாத்தையா என்றார். கீபோர்ட்டில் இருந்த அரிசியை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தட்டினேன். இந்நேரம் அங்கேயும் சாப்பாடு தொடங்கியிருக்கும், மண்டபத்தைக் கூட்டத் தொடங்கியிருப்பார்கள், வெறும் மணவறையைத்தான் பார்க்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே தட்டினேன். 

படம் வந்தது. மணவறை வெறுமையாகத்தான் இருந்தது. கதிரைகளை யாரோ அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கமராவுக்கு மிகக் கிட்ட, படத்தின் பாதியை மறைத்துக்கொண்டு, கூறையோடும் தலைநிறைந்த பூவோடும் என் மகள் ஒரு தட்டைக் கையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாய் நிறையச் சோறு.

"பதினொரு நிமிசம் எடுக்கும் எண்டு தெரியும்," என்றாள். "அதுதான் தட்டை இஞ்சை கொண்டுவந்திட்டன். பசி அப்பா."

 கத்தரிக்காய்க் குழம்பு எப்படி என்று கேட்டேன். புளி கூடிப்போச்சு என்றாள். சமையல்காரரைப் பிடித்தது யார் என்று கேட்டேன்.

"அப்பா, தாலியைப் பாருங்கோ."

கழுவாத வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கொடியை எடுத்துக் கமராவிடம் கொண்டுவந்தாள். மிகவும் கிட்டக் கொண்டுவந்துவிட்டாள். திரை முழுவதும் மஞ்சளாக ஒரு கலங்கல்.

"தெரியுதோ?"

"தெரியேல்லை. பின்னுக்கு எடு."

"இப்ப?"

"இன்னும் பின்னுக்கு. கையை ஆட்டாதை. ஒரு இடத்திலை பிடி."

மேசைக்குக் கீழேயிருந்து மனைவி கேட்டாள், "தெரியுதோ உங்களுக்கு?"

"பொறும்," என்றேன். "இன்னும் கொஞ்சம் பின்னுக்கு, பிள்ளை. ஓம். அப்பிடியே வைச்சிரு."